எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு எத்தனை கிலோ வரை இறங்கலாம்? இலக்கு எடையைக் கணக்கிட முழுமையான வழிகாட்டி

ஸ்லீவ் (வயிற்றின் பெரும்பகுதியை வெட்டிக் குழாய் போலாக்குவது) அல்லது பைபாஸ் (வயிற்றைச் சிறிதாக்கி, சிறுகுடலின் ஒரு பகுதியைத் தாண்டி இணைப்பது) முடிந்து வீடு திரும்பும் பலரின் மனதில் ஏற்கெனவே ஒரு எண் உட்கார்ந்திருக்கும். கல்யாணத்தன்று இருந்த 54 கிலோவாக இருக்கலாம். உயரத்திலிருந்து 100-ஐக் கழித்து வந்த எண்ணாக இருக்கலாம். இல்லையென்றால், அதே மருத்துவரிடம் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பக்கத்து வீட்டுக்காரர் இறங்கிய எடையாக இருக்கும். இந்த எண்கள் எதற்கும் உங்கள் வயிற்றில் நடந்த அறுவை சிகிச்சைக்கும் சம்பந்தமே இல்லை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

105 கிலோவில் இருந்தவர் ஒன்றரை வருடத்தில் 77-க்கு வருகிறார். சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. குறட்டையும் போய்விட்டது. ஆனாலும் அவர் மனதில் இருப்பது 55 என்பதால், "எனக்கு ஆபரேஷன் சரியா வேலை செய்யல" என்று நினைக்கிறார். அந்த ஏமாற்றத்தில் பரிசோதனைக்குப் போவதை நிறுத்துகிறார், வைட்டமின் மாத்திரைகளை விடுகிறார். மருத்துவக் கணக்கில் முழு வெற்றி பெற்றவர், தவறான இலக்கு வைத்துக்கொண்டதால் உடல்நலத்தைக் கெடுத்துக்கொள்கிறார். இலக்கு எடையைச் சரியாகப் போட வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

கணக்கின் அடிப்படை எளிது. உயரத்திலிருந்து தொடங்காதீர்கள், அறுவை சிகிச்சைக்கு முன் இருந்த எடையிலிருந்து தொடங்குங்கள். ஒற்றை எண்ணை இலக்காக வைக்காமல் ஒரு வரம்பை வையுங்கள். அந்த வரம்பு, நீங்கள் தொடப்போகும் மிகக் குறைந்த எடையைக் குறிக்கக் கூடாது. ஐந்தாவது ஆண்டில் நீங்கள் நிற்கப்போகும் எடையைக் குறிக்க வேண்டும்.

1. தொடக்க எடையைச் சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்

கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் பாதிக் குழப்பம் இங்கேதான். அறுவை சிகிச்சைக்கு முன் கல்லீரலைச் சுருக்குவதற்காக இரண்டு வாரம் வரை கலோரி மிகக் குறைந்த உணவு தருவார்கள். அதிலேயே சில கிலோ இறங்கிவிடும். பிறகு மருத்துவமனையில் ஏற்றும் டிரிப்ஸால், வீட்டுக்கு வந்த அன்று எடை 2 கிலோ கூடியிருக்கலாம். அது வெறும் நீர். நாலைந்து நாளில் போய்விடும். அந்த எடையைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அதைத் தொடக்கமாக எழுதவும் வேண்டாம்.

ஒரு நோட்டில் மூன்று எண்களை எழுதுங்கள்: கல்லீரல் சுருக்கும் உணவு தொடங்குவதற்கு முந்தைய எடை, அறுவை சிகிச்சை அன்று காலை வெறும் வயிற்றில் பார்த்த எடை, உயரம். உயரத்தைச் செருப்பு இல்லாமல், சுவரில் குதிகால் பட நின்று அளக்க வேண்டும். ஆதார் எடுத்தபோதோ வேலைக்குச் சேர்ந்தபோதோ சொன்ன உயரத்தை நம்பாதீர்கள். 3 செ.மீ. தவறினால் பிஎம்ஐ (கிலோ எடையை, மீட்டரில் எழுதிய உயரத்தால் இரண்டு முறை வகுத்து வரும் எண்) ஒன்றுக்கு மேல் மாறிவிடும். கீழே வரும் எல்லாக் கணக்குக்கும் முதல் எண்ணே தொடக்கம். இரண்டாவது எண் உங்கள் மருத்துவரின் கோப்போடு ஒப்பிடுவதற்கு.

2. இரண்டு சதவீதங்கள்: கேட்பது ஒன்று, புரிவது வேறு

"எழுபது சதவீதம் எடை குறையும்" என்று ஆலோசனையில் சொல்கிறார்கள். 105 கிலோவில் எழுபது சதவீதம் என்று மனக்கணக்குப் போட்டால் 73 கிலோ குறைந்து 32 கிலோவில் நிற்க வேண்டும். அது நடக்காது என்று யாருக்கும் தெரியும். ஆனால் அப்படியென்றால் என்னதான் நடக்கும் என்று தெளிவாகச் சொல்பவர்கள் குறைவு.

ஆலோசனையில் சொன்னது, கூடுதல் எடையில் எழுபது சதவீதம். கூடுதல் எடை என்றால், பிஎம்ஐ 25-ல் நீங்கள் எவ்வளவு இருக்க வேண்டுமோ அதற்கு மேல் இருக்கும் கிலோக்கள். இதைக் கணக்கிடுவது இப்படி:

உயரத்தை மீட்டரில் எழுதி, அதே எண்ணால் பெருக்குங்கள். 155 செ.மீ. என்றால் 1.55 × 1.55 = 2.40. இதை 25-ஆல் பெருக்கினால் 60 கிலோ. 105-லிருந்து 60 போனால் 45 கிலோ கூடுதல் எடை. அதில் எழுபது சதவீதம் 31.5 கிலோ. ஆக மீதி 73.5.

அதே 31.5 கிலோவை மொத்த எடையான 105-ஓடு ஒப்பிட்டால் 30 சதவீதம். ஒரே இழப்பு, ஒரு பக்கம் 70, இன்னொரு பக்கம் 30. இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஆசியர்களுக்குப் பிஎம்ஐ 23-ஐ மேல் எல்லையாக வைத்துச் சில மருத்துவமனைகள் கணக்கிடுகின்றன. அப்போது கூடுதல் எடை 45-லிருந்து ஏறக்குறைய 50 கிலோவாகிவிடும். 70 சதவீதம் 63-ஆக இறங்கும். உடம்பில் ஒரு கிராம்கூட மாறவில்லை, வகுக்கும் எண்தான் மாறியது.

ஆகவே மொத்த எடையில் எத்தனை சதவீதம் என்ற கணக்கையே பிடித்துக்கொள்ளுங்கள். இனி இந்தக் கட்டுரையில் வரும் சதவீதம் பெரும்பாலும் அதுதான். வேறு கணக்கு வரும் இடத்தில் சொல்லிவிடுகிறோம். மருத்துவர் ஒரு சதவீதம் சொன்னால் "டாக்டர், இது மொத்த எடையிலா, கூடுதல் எடையிலா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

3. உங்கள் அறுவை சிகிச்சைக்கு உரிய வரம்பு

ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டுக்குள், எடை மிகக் கீழே இருக்கும் காலத்தில், பொதுவாகக் காணப்படும் இழப்பு:

- ஸ்லீவ்: 25 முதல் 30 சதவீதம்
- பைபாஸ்: 30 முதல் 35 சதவீதம்
- மினி பைபாஸ் (குடலை ஒரே இடத்தில் இணைக்கும் எளிய பைபாஸ்): பைபாஸை ஒட்டியது, சிலரிடம் சற்றுக் கூடுதல்
- வயிற்றில் பேண்ட் (மேல் வயிற்றைச் சுற்றி இறுக்கும் பட்டை) போட்டவர்கள்: 15 முதல் 20 சதவீதம்

ஐந்தாவது ஆண்டில் ஸ்லீவ் 20 முதல் 25-லும், பைபாஸ் 25 முதல் 30-லும் நிற்பது வழக்கம். பின்லாந்தில் 240 பேரை ஸ்லீவ், பைபாஸ் என்று குலுக்கல் முறையில் பிரித்துத் தொடர்ந்த ஆய்வில், ஐந்து ஆண்டு முடிவில் கூடுதல் எடையில் ஸ்லீவ்காரர்கள் 49 சதவீதமும் பைபாஸ்காரர்கள் 57 சதவீதமும் இழந்திருந்தார்கள். கவனியுங்கள், இது கூடுதல் எடைக் கணக்கு. நல்ல மருத்துவமனைகளில், ஒழுங்காகத் தொடர்ந்தவர்களின் முடிவே இது. இதற்கு மேல் 80, 90 என்று யாராவது உறுதி சொன்னால், எத்தனையாவது மாதத்தில் எடுத்த கணக்கு என்று கேளுங்கள்.

105 கிலோ, 155 செ.மீ. பெண்ணுக்கு ஸ்லீவ் என்று வைத்துக்கொள்வோம். 25 சதவீதம் என்றால் 26 கிலோ குறைந்து 79. 30 சதவீதம் என்றால் 73.5. ஆகவே ஒன்றரை ஆண்டில் 73-க்கும் 79-க்கும் இடையே. ஐந்தாம் ஆண்டில் 79-க்கும் 84-க்கும் இடையே. 79 கிலோவில் அவருடைய பிஎம்ஐ ஏறக்குறைய 33. பிஎம்ஐ அட்டவணை இன்னும் "பருமன்" என்றே சொல்லும்.

இதே ஸ்லீவை 165 செ.மீ. உயரமும் 90 கிலோ எடையும் உள்ள ஒருவருக்குச் செய்தால் 27 சதவீத இழப்பில் 66 கிலோ, பிஎம்ஐ 24. 170 செ.மீ., 140 கிலோ உள்ள ஒருவர் பைபாஸ் செய்து 32 சதவீதம் இழந்தால் 95 கிலோ, பிஎம்ஐ 33. இழந்தது 45 கிலோ. ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையின் எடையை உடம்பிலிருந்து இறக்கிவைத்த மாதிரி. ஆனால் அட்டவணையை மட்டும் பார்ப்பவர் 24-ல் இருப்பவர் ஜெயித்தார், 33-ல் இருப்பவர் தோற்றார் என்பார். இருவருக்கும் அறுவை சிகிச்சை நன்றாகவே வேலை செய்திருக்கிறது. புறப்பட்ட இடம்தான் வேறு.

இந்த 95 கிலோ எதற்குப் போதும் என்று கேட்பவர்களுக்கு: ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்க 5 முதல் 10 சதவீத இழப்பே போதும். கொழுப்பு படிந்து வீங்கிய கல்லீரல் தேற 10 சதவீதம் பெரிய உதவி. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மூட்டின் மேல் விழும் சுமை ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது. 45 கிலோவுக்கு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

4. வரம்பின் எந்தப் பக்கம் நீங்கள்?

மேலே சொன்னது சராசரி. கீழ்க்கண்டவை உங்களுக்குப் பொருந்தினால் வரம்பின் குறைந்த இழப்புப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லீவ் என்றால் 25 சதவீதம், பைபாஸ் என்றால் 30.

பல ஆண்டு சர்க்கரை நோய், அதிலும் இன்சுலின் போடுபவர்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், மாதவிடாய் நின்றவர்கள். முழங்கால் அல்லது இடுப்பு வலியால் நடக்க முடியாதவர்கள். முன்பே ஒரு எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்து இது இரண்டாவது என்பவர்கள். எடை ஏற்றும் மருந்து சாப்பிடுபவர்கள்: ஸ்டீராய்டு, மனநல மருந்துகளில் ஓலான்சபின், மிர்டாசபின், வலிப்புக்கான வால்ப்ரோயேட் முதலியவை. இம்மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்று உண்டா என்று அந்த மருத்துவரிடமே பேசுங்கள்.

தைராய்டு குறைவு உள்ளவர்கள் மாத்திரையில் டிஎஸ்எச் (தைராய்டு ரத்தப் பரிசோதனை அளவு) சரியாக இருந்தால் தனியே கழிக்க வேண்டியதில்லை. ஆனால் எடை குறையக் குறைய மாத்திரை அளவும் மாறலாம். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அதையும் சேருங்கள். மாத்திரையை வெறும் வயிற்றில் தனியே விழுங்குங்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

இன்னொரு சோதனை, எளிமையானது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பட்டினி கிடக்காமல், ஒரு வருடமாவது நிலையாக நின்ற உங்கள் மிகக் குறைந்த எடை எது? அதற்குக் கீழே இலக்கு வைப்பவர்கள், உடம்பு ஒருபோதும் தங்கியிராத இடத்தில் வீடு கட்டப் பார்க்கிறார்கள். 22 வயதில் இருந்த கல்யாண எடையை 48 வயதில் தேட வேண்டாம்.

5. திரும்ப ஏறப்போகும் கிலோக்களை இப்போதே கணக்கில் சேருங்கள்

இதை முன்கூட்டியே சொல்லாததுதான் பலரையும் உடைத்துப்போடுகிறது. மிகக் கீழே இறங்கிய எடையில் யாரும் வாழ்நாள் முழுக்க நிற்பதில்லை. சுவீடனில் 1987-ல் தொடங்கிய நீண்டகால ஆய்வில், பைபாஸ் செய்தவர்கள் ஒன்றிரண்டு ஆண்டில் 32 சதவீதம் இழந்தார்கள்; பத்தாவது ஆண்டில் அது 25-ஆக நின்றது. வயிற்றில் பேண்ட் போட்டவர்களுக்கு 20, பிறகு 14.

காரணம் சோம்பேறித்தனம் அல்ல. எடை குறைந்த உடம்பு, முன்பைவிடக் குறைந்த கலோரியில் நாளை ஓட்டப் பழகிவிடுகிறது. பசியும் மெல்லத் திரும்புகிறது. ஸ்லீவில் பசியைத் தூண்டும் கிரெலின் சுரக்கும் பகுதியின் பெரும்பங்கை வெட்டி எடுத்துவிடுவதால் முதல் ஆண்டில் பசியே தெரியாது. பிறகு சற்றுத் தெரியும். குழாய் போன்ற வயிறும் கொஞ்சம் விரிகிறது.

ஆகவே இலக்கை இப்படி எழுதுங்கள்: "தொடப்போகும் எடை 73 முதல் 79. தங்கப்போகும் எடை 79 முதல் 84." இரண்டாவது வரிதான் உங்கள் இலக்கு. முதல் வரி, வழியில் கடந்துபோகும் ஓர் ஊர்.

6. மாதக் கணக்கு, அதில் வரும் தேக்கம்

மொத்த இழப்பில் ஏறக்குறைய பாதி முதல் மூன்று மாதத்தில் போய்விடும். ஆறாம் மாதத்தில் முக்கால் பங்கு. மீதிக் கால் பங்கு அடுத்த ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் மெல்ல இறங்கும். நம் உதாரணத்தில் 28 கிலோ எதிர்பார்ப்பு என்றால்: மூன்றாம் மாதம் 14, ஆறாம் மாதம் 21, பிறகு ஒரு வருடத்துக்கும் சேர்த்து 7 கிலோ. ஏழாவது மாதத்தில் வாரம் 200 கிராம் இறங்கினாலும் எல்லாம் ஒழுங்காகவே போகிறது. முதல் மாத வேகத்தை வைத்து "இப்படியே போனால் தீபாவளிக்குள் 60" என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

மூன்றாவது வாரத்தில் ஒரு தேக்கம் வரும். பத்து நாள் தராசு முள் அசையாது. முதல் வாரங்களில் இறங்கியதில் பெரும்பகுதி கிளைகோஜனும் (உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து) அதோடு ஒட்டிய நீரும். ஒரு கிராம் கிளைகோஜனோடு மூன்று கிராம் நீர் இருக்கும். உடம்பு அதைக் கொஞ்சம் நிரப்பிக்கொள்ளும்போது, கொழுப்பு கரைந்தாலும் எடை நிற்கிறது. இந்த நேரத்தில் சாப்பாட்டைப் பாதியாக வெட்டுபவர்கள் தசையைத்தான் வெட்டுகிறார்கள்.

எடை பார்ப்பது வாரத்துக்கு ஒரு முறை போதும். ஒரே தராசு, ஒரே கிழமை, காலைக்கடன் முடித்து, எதுவும் குடிக்கும் முன், மெல்லிய உடையில். தராசைக் கடப்பா அல்லது டைல்ஸ் தரையில் வையுங்கள். பாய் மேலோ விரிப்பு மேலோ வைத்தால் எண் பொய் சொல்லும். பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய வாரம் 1 முதல் 2 கிலோ கூடுவது நீர். மாதம் ஒரு முறை நான்கு வார எண்களையும் கூட்டி நான்கால் வகுத்து, அந்தச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள்.

மூன்றாம் மாத, ஆறாம் மாதச் சராசரி எதிர்பார்ப்புக்கு மிகவும் பின்தங்கியிருந்தால் ஒரு வருடம் காத்திருக்காதீர்கள். அப்போதே மருத்துவரிடமும் உணவியல் நிபுணரிடமும் போங்கள். பழக்கத்தைத் திருத்த மிக எளிய காலம் முதல் ஆறு மாதம்தான்.

7. இலக்கில் எடையோடு சேரவேண்டிய மற்ற எண்கள்

இடுப்புச் சுற்றளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் முனைக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் டேப் வைத்து அளக்க வேண்டும். பாவாடை நாடா கட்டும் இடமோ பேண்ட் போடும் இடமோ அல்ல. ஆசியர்களுக்கு ஆண் 90, பெண் 80 செ.மீ. என்பது எல்லை. பெரிய எடையிலிருந்து வந்தவர்களுக்கு அதுவும் எட்டாமல் போகலாம். தொடங்கிய அளவிலிருந்து 20 செ.மீ. குறைந்தால் அதுவே பெரிய பலன்.

மருந்துப் பட்டியல். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), ரத்த அழுத்தம், சிபேப் கருவியில் (தூக்கத்தில் மூச்சுத் தடைக்கு மாட்டும் காற்றுக் கருவி) இருப்பவர்கள் என்றால் அதன் தேவை. அறுவை சிகிச்சைக்கு முந்தைய மாத்திரைச் சீட்டை வைத்துக்கொண்டு, எத்தனை குறைந்தது என்று பாருங்கள். ஓர் எச்சரிக்கை: இன்சுலினும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் பழைய அளவிலேயே தொடர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். அளவைக் குறைப்பது மருத்துவரின் வேலை, ஆனால் முதல் வாரங்களில் தினமும் சர்க்கரை பார்ப்பது உங்கள் வேலை.

தசை பலம். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டி, முப்பது விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். மாதம் ஒரு முறை செய்து எழுதுங்கள். எடை குறையும்போது இந்த எண் கூடத்தான் வேண்டும். எடையும் குறைந்து இதுவும் குறைந்தால், போவது கொழுப்பு மட்டும் அல்ல. ஜிம்மில் ஏறி நிற்கும் உடல்கொழுப்பு மிஷின், குடித்த தண்ணீருக்கு ஏற்ப எண்ணை மாற்றும்; அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

தசையைக் காப்பது புரதம். நாளைக்கு 60 முதல் 80 கிராம். நம் தட்டில் இதுதான் கஷ்டம். இரண்டு இட்லியும் சட்னியும் 4 கிராம்தான். இரண்டு முட்டை 12, வேகவைத்த மீனோ கோழியோ 100 கிராம் 22 முதல் 25, கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கப் 12, தயிர் 200 கிராம் 7, பன்னீர் 50 கிராம் 9. இவ்வளவும் சேர்ந்தால் 60-ஐத் தாண்டும். சைவம் என்றால் உலர்ந்த மீல்மேக்கர் 30 கிராமில் 15 கிராம் கிடைக்கும். ஆனாலும் ஒரு ஸ்கூப் புரதப் பவுடர் இல்லாமல் முதல் ஆறு மாதத்தை ஓட்டுவது பெரும்பாலும் முடியாது. தட்டில் முதல் வாய் புரதமாக இருக்கட்டும், சோறு கடைசி.

8. கீழ் எல்லையும் வேண்டும்

இலக்கைத் தாண்டிக் கீழே போவதை எல்லோரும் பாராட்டுவார்கள். நாங்கள் பாராட்ட மாட்டோம். பிஎம்ஐ 20-ஐ நெருங்கினால், அல்லது ஒன்றரை ஆண்டு கடந்தும் எடை நிற்காமல் இறங்கினால், அது நல்ல செய்தி அல்ல. அடையாளங்கள்: காலில் வீக்கம், எழுந்தால் தலைசுற்றல், ஒரு வருடம் தாண்டியும் முடி கொத்துக்கொத்தாக உதிர்வது, மாதவிடாய் நின்றுபோவது, ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைவு. மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை முடி கொட்டுவது வழக்கமானது. அது திரும்ப முளைக்கும். மினி பைபாஸில் சிறுகுடலை அதிக நீளம் விலக்கியவர்களுக்குப் புரதக் குறைவு வரும் வாய்ப்பு கூடுதல்.

வேகமாக இலக்கைத் தொட வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைப்பவர்களுக்கு இரண்டு ஆபத்துகள். ஒன்று, பித்தப்பைக் கல். எடை வேகமாக இறங்கும்போது பித்தத்தில் கொழுப்பு கெட்டியாகிறது. இதைத் தடுக்கத்தான் பல மருத்துவர்கள் ஆறு மாதம் அர்சோடியாக்ஸிகோலிக் அமில மாத்திரை தருகிறார்கள். மற்றது பி1 வைட்டமின் குறைவு. சில நாள் தொடர்ந்து வாந்தி, பிறகு நடையில் தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, குழப்பம் என்றால் அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (பி1) ஊசி போட வேண்டும். "பேரியாட்ரிக் (எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை) செய்தவர்" என்பதை வாசலிலேயே சொல்லுங்கள்.

பிள்ளை பெற நினைக்கும் பெண்கள், எடை இறங்கும் அந்த 12 முதல் 18 மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். மாதவிடாய் ஒழுங்கற்று இருந்தவர்களுக்கும் எடை குறைந்ததும் கருவுறும் வாய்ப்பு திடீரென்று கூடும். ஆகவே கருத்தடையை முன்பே பேசி வையுங்கள்.

9. எச்சரிக்கை எடை

தங்கப்போகும் வரம்பின் மேல் எல்லைக்கு ஒரு கிலோ மேலே ஒரு கோடு போடுங்கள். நம் உதாரணத்தில் 85. இரண்டு மாதச் சராசரி அந்தக் கோட்டைத் தாண்டினால் மருத்துவரைப் பார்க்கும் நாள் வந்துவிட்டது. பத்து கிலோ ஏறும்வரை வெட்கப்பட்டுக் காத்திருப்பதே வழக்கம். மூன்று கிலோவில் வந்தவருக்கு உதவுவது எளிது, பதினைந்தில் கடினம்.

முதலில் பார்க்க வேண்டியது தட்டை அல்ல, தம்ளரை. நூறு மில்லி பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் சேர்ந்த ஒரு காபி ஏறக்குறைய 100 கலோரி. நாளைக்கு நான்கு என்றால் 400; ஸ்லீவ் வயிற்றுக்கு அது ஒரு முழு வேளைச் சாப்பாடு, ஆனால் வயிறு நிறைந்ததே தெரியாது. அடுத்தது, வழுக்கிக்கொண்டு இறங்கும் பண்டங்கள்: மிக்சர், முறுக்கு, பிஸ்கட், அல்வா, ஐஸ்கிரீம். கோழித்துண்டு மூன்று வாயில் நிறுத்தும் வயிறு, முறுக்கை ஒரு பாக்கெட் வரை அனுமதிக்கும். டிவி முன் நாள் முழுக்கக் கொறிப்பதும் எடை திரும்புவதற்கு ஒரு முக்கியக் காரணம். சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதும் உணவைச் சீக்கிரம் கீழே தள்ளிவிடும். சாப்பிட்டு முப்பது நிமிடம் கழித்துக் குடியுங்கள்.

இவை சரியாக இருந்தும் ஏறினால் வயிற்றின் வடிவத்தை எண்டோஸ்கோபியில் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் பசியைக் குறைக்கும் செமக்ளூடைடு, டிர்செபடைடு போன்ற ஊசிகளும் இப்போது உள்ளன. அவற்றை மருத்துவர் சொல்லித்தான் போட வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்குவது அல்ல.

தோலும் சொந்தக்காரர்களும்

வயிற்றில் தொங்கும் தோல் சிலருக்கு 2 முதல் 5 கிலோ வரை இருக்கும். எந்த உணவும் நடையும் அதைக் கரைக்காது. தராசு அதையும் சேர்த்தே காட்டுகிறது என்பதை இலக்குப் போடும்போது நினைவில் வையுங்கள். அறுவை சிகிச்சையால் எடுக்க வேண்டும் என்றால், எடை ஆறு மாதமாவது நிலையாக நின்றபின், பொதுவாக ஒன்றரை ஆண்டு கழித்து.

நாலாம் மாதம் "முகம் ஒடுங்கிப் போச்சு, போதும்பா, சாப்பிடு" என்பார்கள். அதே அத்தை அடுத்த வருடக் கல்யாணத்தில் "இவ்ளோ செலவு பண்ணி இவ்ளோதானா?" என்பார். இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. முகத்தின் கொழுப்பு முதலில் போவதால் ஒடுங்கியது போல் தெரியும். ஒரு வருடத்தில் சமனாகும். எடையைக் கேட்பவர்களிடம் கிலோவைச் சொல்லாமல், "சர்க்கரை மாத்திரை நின்னுடுச்சு அத்தை" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். பேச்சு பெரும்பாலும் அதோடு வேறு பக்கம் திரும்பிவிடும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

அறுவை சிகிச்சைக்கு முன்பே கேட்டால் நல்லது, முடிந்துவிட்டாலும் தாமதமில்லை. "என் எடைக்கும் இந்த அறுவை சிகிச்சைக்கும் ஐந்தாம் ஆண்டில் மொத்த எடையில் எத்தனை சதவீதம் எதிர்பார்க்கலாம்?" "உங்களிடம் செய்தவர்களில் ஐந்தாம் ஆண்டுப் பரிசோதனைக்கு எத்தனை பேர் வந்தார்கள்?" இரண்டாவது கேள்வி முக்கியம். எடை ஏறியவர்கள் பெரும்பாலும் வருவதில்லை. வந்தவர்களை மட்டும் எண்ணினால் சராசரி அழகாகத் தெரியும்.

பிறகு ஒரு அட்டையில் ஆறு வரி எழுதி பீரோ கதவின் உட்புறம் ஒட்டுங்கள். தொடக்க எடை 105. தொடப்போகும் எடை 73–79. தங்கப்போகும் எடை 79–84. எச்சரிக்கை எடை 85. கீழ் எல்லை: பிஎம்ஐ 20-க்கு உரிய எடை, அதாவது 48. ஆறாவது வரியில் ரத்தப் பரிசோதனைத் தேதிகள்: மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அறுவை சிகிச்சை நடந்த அதே மாதத்தில். ஆறாம் மாதமும் பதினெட்டாம் மாதமும் எண்களை ஒருமுறை திருத்துங்கள். மூன்றாவது வரியைப் பென்சிலால் எழுதுங்கள். பதினெட்டாம் மாதம் மருத்துவரோடு உட்கார்ந்து பேசியபின் அதைப் பேனாவால் எழுதலாம்.